சாம்பாரில் சேர்ந்துவிட்ட டாஃபடில் கிழங்கு: இதன் நஞ்சு எவ்வளவு கடுமையானது?

நந்தியாவட்டை (லெஸ்டர்) கேட்கிறார்:

தோட்ட நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். சென்ற சனிக்கிழமை எங்கள் வீட்டில் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். என்னுடைய கவனக்குறைவே இதற்குக் காரணம் என்பதால், இதைப் படிக்கும் வேறு எவருக்கும் இப்படி நேரக்கூடாது என்ற எண்ணமும் இதில் உண்டு.

வசந்த காலத்தில் வாசலோரம் மஞ்சளாகப் பூக்கட்டும் என்று, குட்டையாக வளரும் டெட்-அ-டெட் வகை டாஃபடில் கிழங்குகளை ஒரு வலைப்பையில் வாங்கி வந்தேன். பாதியை அன்றே நட்டுவிட்டேன். மழை பிடித்துக்கொண்டதால் மீதியைப் பையோடு சமையலறை அலமாரியில், வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தேன். பையில் கட்டியிருந்த படம் போட்ட அட்டை எப்போதோ கழன்று விழுந்திருக்கிறது. கும்பகோணத்திலிருந்து மூன்று மாதங்களுக்கு வந்திருக்கும் என் மாமியார், ஊரில் கிடைப்பது போன்ற சின்ன வெங்காயம் இங்கும் கிடைக்கிறதே என்று மகிழ்ந்து, அவற்றில் ஏழெட்டை உரித்துச் சாம்பாரில் போட்டுவிட்டார். உரிக்கும்போது கண் எரியவில்லை, கையில் பசைபோல வழவழப்பாக ஏதோ ஒட்டியது என்று பிறகுதான் சொன்னார். இந்த நாட்டு வெங்காயம் இப்படித்தான் இருக்கும் போலும் என்று அவர் எண்ணியதில் தவறு காண எனக்கு மனம் வரவில்லை.

சாம்பாரில் இலேசான கசப்பு இருந்தது. வெந்தயம் கூடிவிட்டது என்று நினைத்து நானும் கணவரும் சாப்பிட்டோம். ஐந்து வயது மகன் இரண்டு வாய்க்கு மேல் வேண்டாம் என்று தட்டைத் தள்ளிவிட்டான். அரை மணி நேரத்திற்குள் முதலில் அவனுக்கும், பிறகு எங்கள் மூவருக்கும் வாந்தி தொடங்கியது. கணவருக்கு வயிற்றுப்போக்கும் வியர்வையும் சேர்ந்துகொண்டன. அலமாரியில் பாதி காலியாகக் கிடந்த வலைப்பையைப் பார்த்த பிறகே எனக்கு விளங்கியது. உடனே பிரிட்டனின் மருத்துவ ஆலோசனை எண்ணான 111ஐ அழைத்தேன். அவர்கள் சொன்னபடி மகனை மருத்துவமனைக்குக் கொண்டு சென்று சில மணி நேரம் கண்காணிப்பில் வைத்திருந்தோம். மறுநாள் காலைக்குள் எல்லோரும் தேறிவிட்டோம்.

என் ஐயங்கள் இவை. குக்கரிலும் புளித்தண்ணீரிலும் அவ்வளவு நேரம் கொதித்த பிறகும் நஞ்சு ஏன் நீங்கவில்லை? மகனின் உடலில் இதன் விளைவு ஏதேனும் தங்குமா? தவழும் வயதில் ஒரு பெண் குழந்தையும், எல்லாவற்றையும் கிளறும் நாய்க்குட்டி ஒன்றும் வீட்டில் இருக்கும் நிலையில், ஏற்கெனவே மண்ணுக்குள் இருக்கும் நாற்பது கிழங்குகளையும் தோண்டி எறிந்துவிட வேண்டுமா? மாமியார் அன்றிலிருந்து அடுக்களைக்குள் வரவே தயங்குகிறார். அவரிடம் சொல்லி ஆறுதல்படுத்தக் கூடிய உண்மைகள் எனக்குத் தேவைப்படுகின்றன.

பவளமல்லி (கார்டிஃப்) எழுதுகிறார்:

அன்புச் சகோதரி, நான் மருந்தாளுநராகப் பணிபுரிகிறவள். குழந்தையை நேரில் பார்த்த மருத்துவரின் சொல்லே முடிவானது என்பதை முதலில் சொல்லிவிட்டு, எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

டாஃபடிலின் எல்லாப் பகுதிகளிலும் நஞ்சு உண்டு; கிழங்கில்தான் அது மிகுதி. அதில் முதன்மையானது லைகோரின் என்னும் ஆல்கலாய்டு, அதாவது செடிகளில் இயற்கையாக உருவாகும் ஒரு வகை வேதிப்பொருள். 1877ஆம் ஆண்டிலேயே இந்தச் செடியிலிருந்து அதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். வாந்தியைத் தூண்டுவதே அதன் முதல் வேலை. நாய்களை வைத்து நடத்திய ஆய்வு ஒன்றில், கீமோதெரபி நோயாளிகளுக்கு வாந்தியை நிறுத்தக் கொடுக்கும் ஒண்டான்செட்ரான் போன்ற மருந்துகள் லைகோரின் வாந்தியையும் தடுப்பதைக் கண்டார்கள். வாந்தியைத் தூண்டும் நரம்பு ஏற்பிகளுக்கு இதில் பங்கு உண்டு என்பதற்கு அது சான்று. உங்கள் வீட்டில் அரை மணிக்குள் எல்லோருக்கும் தொடங்கியதன் காரணமும் இதுதான். கெட்டுப்போன உணவால் வரும் வாந்திக்குப் பெரும்பாலும் சில மணி நேரமாவது ஆகும். டாஃபடிலுக்குச் சில நிமிடங்கள் போதும். இந்த விரைவு ஒரு வகையில் நமக்குப் பாதுகாப்பும்கூட. உயிரைப் பறிக்கும் அளவை ஒருவர் உண்டு முடிப்பதற்கு முன்பே வயிறு அதை வெளியே தள்ளத் தொடங்கிவிடுவதால், மனிதர்களில் இதனால் ஏற்படும் இறப்பு மிக மிக அரிது.

கொதிக்க வைத்தால் நஞ்சு போய்விடும் என்ற நம்பிக்கை நம் சமையலில் இருந்து வருவது. சேப்பங்கிழங்கையும் சேனையையும் புளி சேர்த்து நன்றாக வேகவைத்து அரிப்பைப் போக்குகிறோம் அல்லவா? அந்த அரிப்புக்குக் காரணம் ஊசி வடிவிலான கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். டாஃபடிலிலும் அந்த ஊசிகள் உண்டு. உங்கள் மாமியாரின் கையில் ஒட்டிய வழவழப்பான சாற்றில் இருப்பவையும் அவையே. ஆனால் லைகோரின் வேறு வகைப் பொருள். அடுப்பின் சூடு அதைச் சிதைப்பதில்லை. புளியின் அமிலமும் உதவாது. ஆல்கலாய்டுகள் பொதுவாக அமிலத்தில் இன்னும் எளிதாகக் கரையும் என்பதால், கிழங்கில் இருந்தது குழம்பு முழுவதும் பரவியிருக்கும். மகன் இரண்டு வாய் மட்டுமே உண்டும் பாதிக்கப்பட்டதற்கு இது விளக்கமாகலாம். 2009ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில், தோட்டத்தில் கிடைத்த டாஃபடில் கிழங்கை வெங்காயம் என்று எண்ணி மாணவர்களின் சமையல் வகுப்பில் சூப்பில் சேர்த்துவிட்டார்கள். அதை உண்ட குழந்தைகளை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. எல்லோரும் நலமாக மீண்டார்கள். இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் இந்தத் தவறு நேர்ந்திருக்கிறது என்பதை உங்கள் மாமியாரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

இதற்கு நச்சுமுறிவு மருந்து கிடையாது, பெரும்பாலும் தேவையும் இல்லை. வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் இழந்த நீரை ஈடுசெய்வதே சிகிச்சை. உண்ட அளவு மிகுதியானால் இரத்த அழுத்தம் குறைதல், நடுக்கம், வலிப்பு போன்றவை வரக்கூடும் என்பதால்தான் சிறு குழந்தைகளைக் கண்காணிப்பில் வைக்கிறார்கள். சில மணி நேரத்தில் வாந்தி நின்று, ஒரு நாளுக்குள் பழையபடி உண்டு விளையாடத் தொடங்கிய குழந்தைக்கு, பின்னாளில் வெளிப்படும் விளைவு எதுவும் எதிர்பார்க்கப்படுவதில்லை. இந்த நஞ்சு உடலில் சேர்ந்து தங்கும் வகையைச் சேர்ந்ததன்று.

இனி எவருக்கேனும் நேர்ந்தால், விரலை விட்டோ உப்புநீர் கொடுத்தோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நம் பெரியவர்கள் முதலில் நாடுவது அதைத்தான். உப்புநீரே ஒரு குழந்தைக்குத் தனி ஆபத்தாகிவிடும். வாயைக் கழுவித் துடைத்துவிட்டு, மீதமிருக்கும் கிழங்கையோ அட்டையையோ கையில் வைத்துக்கொண்டு 111ஐ அழையுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் தமிழிலேயே பேச ஏற்பாடு செய்வார்கள். பகலில் வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இதைச் சொல்லி வைக்க வேண்டும். மூச்சுத் திணறல், வலிப்பு, எழுப்ப முடியாத மயக்கம் இவற்றில் எது இருந்தாலும் அவசர உதவி எண்ணான 999 மட்டுமே.

இதே கிழங்குகளில் இருக்கும் கேலண்டமின் என்ற மற்றோர் ஆல்கலாய்டை அல்சைமர் நோயாளிகளுக்கு அன்றாடம் எடுத்துக் கொடுப்பவள் நான். பனித்துளிப் பூச் செடியில் முதலில் அறியப்பட்ட அந்த மருந்துக்காகவே, இங்கே வேல்ஸின் போவிஸ் மலைச்சரிவுகளில் டாஃபடிலைப் பயிரிட்டிருக்கிறார்கள். அளந்து பிரித்து மாத்திரையாக்கிய பொருளுக்கும் கிழங்குக்கும் உள்ள தூரம் பெரிது என்பதால், நினைவாற்றலுக்கு நல்லது என்று யாரேனும் இதைக் கைமருந்தாகப் பரிந்துரைத்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

மண்புழு (ஹாரோ) எழுதுகிறார்:

வணக்கம் தங்கச்சி. முப்பது ஆண்டுகளாக நகரசபையிடம் வாடகைக்கு எடுத்த தோட்டத் துண்டில் வெங்காயமும் டாஃபடிலும் இரண்டுமே நட்டு வருபவன் என்ற முறையில் சில வார்த்தைகள். பிறந்தது யாழ்ப்பாணம். அங்கே வேலியோரத்தில் நின்ற விஷமூங்கிலை நீங்களும் கண்டிருப்பீர்கள். அகன்ற இலையும், வெள்ளைப் பூங்கொத்தும், அடியில் பெரிய வெங்காயம் போன்ற கிழங்குமாக நிற்கும் அந்தச் செடி டாஃபடிலின் சொந்தக்காரன். அதற்குள் இருப்பதும் இதே லைகோரின்தான். பெயரிலேயே விஷத்தை வைத்து நம் முன்னோர் எச்சரித்திருக்கிறார்கள். இங்கே பூவின் பெயர் எதையும் உணர்த்தாததால், வந்து இறங்கும் நம் பெற்றோருக்கு நாம்தான் சொல்லித் தர வேண்டியிருக்கிறது.

வெங்காயமும் பூண்டும்கூட இப்போது தாவரவியலில் இதே குடும்பத்துக்குள் வைக்கப்படுகின்றன. ஆகவே உருவம் ஒத்திருப்பதில் வியப்பில்லை. பழுப்பு நிறக் காகிதத் தோல், உள்ளே வெள்ளை அடுக்குகள், அடியில் வேர்த்தட்டு, எல்லாம் ஒன்றுபோல இருக்கும். உறுதியான வேறுபாடு மணம் ஒன்றுதான். வெங்காய இனத்தில் எதை நறுக்கினாலும், இலையைக் கசக்கினாலும், கந்தகம் கலந்த அந்தக் காரநெடி எழும். டாஃபடிலில் பச்சைப் புல் வாசம்தான் வரும். உங்கள் மாமியாருக்குக் கண் எரியவில்லை என்பது அந்தக் கிழங்கே தந்த எச்சரிக்கை. ஆனாலும் மணத்தை மட்டுமே நம்பியிருக்கவும் கூடாது. பூண்டு உரித்த கையால் எதைக் கசக்கினாலும் பூண்டுதான் மணக்கும். வெங்காயத்தோடு ஒரே பையில் கிடந்த கிழங்கின் தோலிலும் வெங்காய வாசம் ஏறிவிடும். எனவே இரண்டும் ஒரே கூரையின் கீழ் வராமல் பார்த்துக்கொள்வதே சரி. என் வீட்டில் பூங்கிழங்குகள் கொட்டகையில், மூடியுள்ள தகரப் பெட்டியில்தான் இருக்கும். கதவைத் தாண்டி ஒரு கிழங்குகூட உள்ளே வந்ததில்லை.

தோண்டி எறிய வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம் என்பது என் எண்ணம். கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழத்தில் நட்டிருப்பீர்கள் என்றால், தவழும் குழந்தையின் கை அங்கே எட்டாது. ஆபத்து மண்ணுக்கு வெளியேதான் இருக்கிறது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை நடுவதற்காக வாங்கி வைத்திருக்கும் நாட்கள், கோடையின் தொடக்கத்தில் இலை காய்ந்த பின் நெருக்கமான குத்துகளைப் பிரிப்பதற்காகத் தோண்டி உலர்த்தும் நாட்கள், பிறகு பிப்ரவரி, மார்ச். இந்தக் கடைசிப் பருவத்தைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அப்போது கடைகளில் மொட்டோடு கட்டி விற்கும் டாஃபடில் தண்டுகள், பூ விரியும் முன் பார்ப்பதற்கு வெங்காயத்தாள் போலவே இருக்கும். சீனச் சமையலில் மொட்டோடு வதக்கும் பூண்டுத்தாள் என்று எண்ணி இவற்றை உண்டு 2012இல் பிரிஸ்டல் நகரில் சீன வம்சாவளியினர் பத்துப் பேர் அளவில் சிகிச்சை பெற நேர்ந்தது. அதன் பிறகு 2015இல் இங்கிலாந்துப் பொதுச் சுகாதாரத் துறை, டாஃபடிலைக் காய்கறிகளின் அருகில் அடுக்க வேண்டாம் என்று பேரங்காடிகளுக்குக் கடிதம் எழுதியது. நம் அம்மாக்கள் வெங்காயத்தாள் பொரியல் செய்கிறவர்கள். கடையில் உங்கள் மாமியார் தனியாக நடமாடத் தொடங்கும் முன் அந்தக் கட்டை ஒருமுறை கையில் கொடுத்து முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சாற்றைப் பற்றியும் ஒன்று. கார்ன்வாலிலும் சில்லித் தீவுகளிலும் பருவம் முழுவதும் டாஃபடில் பறிக்கும் தொழிலாளர்களுக்கு விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் தடிப்பு வந்து வெடிக்கும்; அதற்கு டாஃபடில் அரிப்பு என்றே பெயர் உண்டு. எனக்கும் ஒரு முறை இருநூறு கிழங்குகளைக் கையுறை இல்லாமல் பிரித்து நட்டபோது வந்து, இரண்டு வாரம் கிடந்தது. பறித்தவுடன் வேறு பூக்களோடு ஒரே குவளையில் வைத்தால் இந்தச் சாறு அவற்றையும் வாட வைக்கும். முதலில் தனி நீரில் சில மணி நேரம் வைத்து, சாறு வடிந்த பிறகு, தண்டை மறுபடி வெட்டாமல் மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். குவளை நீரைக் குழந்தைக்கோ நாய்க்கோ எட்டாமல் சாக்கடையில் ஊற்றிவிடுங்கள்.

கரிசல் (மான்செஸ்டர்) எழுதுகிறார்:

மண்புழு ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடலாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. என் மகள் பதினான்கு மாதக் குழந்தையாக இருந்தபோது சன்னலோரம் பூத்திருந்த தொட்டி டாஃபடிலைப் பிடித்து இழுத்தாள். கிழங்கும் சேர்ந்து கையோடு வந்துவிட்டது. தொட்டியில் வைத்துப் பூக்க வைப்பவற்றைப் பெரும்பாலும் ஆழமாக நடுவதில்லை, கழுத்துப் பகுதி மண்ணுக்கு மேலேயே தெரியும். அவள் கடித்துத் துப்பிவிட்டதால் உதடு வீங்கியதோடும் ஒரு வாந்தியோடும் போயிற்று. வாசல் மண்ணில் உள்ளவை இருக்கட்டும். தொட்டிகளை மட்டும் குழந்தைக்கு மூன்று வயது ஆகும்வரை வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள் என்று ஒரு தாயாக மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

மண்புழு (ஹாரோ) எழுதுகிறார்:

நீங்கள் சொல்வது சரி, அம்மா. தொட்டிகளை நான் நினைக்கத் தவறிவிட்டேன். என் பேரப்பிள்ளைகள் வரும் நாட்களில் இனி என் வீட்டிலும் அவை வெளியேதான் இருக்கும்.

செம்மண்புழுதி (எடின்பரோ) எழுதுகிறார்:

நாய்க்குட்டியைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால், கால்நடை மருத்துவம் படித்தவன் என்ற வகையில் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் இனி ஆபத்தை முதலில் சந்திக்கக்கூடியது அந்த நாய்க்குட்டிதான்.

குழந்தை தோண்டாத ஆழத்தை நாய் தோண்டும். கிழங்கு நடும்போது குழியில் எலும்புத்தூள் உரம் போடும் பழக்கம் இங்கு பலருக்கு உண்டு. அந்த வாசனைக்கு நாய் நேராக அந்த இடத்தையே கிளறி, உரத்தோடு கிழங்கையும் விழுங்கிவிடும். நீங்கள் எலும்புத்தூள் போட்டிருந்தால் அந்தப் பாத்திக்கு மேல் கோழிவலையைப் பரப்பி, ஓரங்களைக் கல் வைத்து அழுத்திவிடுங்கள். இலைகள் வலையின் கண்கள் வழியாக மேலே வந்துவிடும். நாய் உண்டுவிட்டால் எச்சில் ஒழுகும், அடக்க முடியாமல் வாந்தி எடுக்கும், சோர்ந்து படுக்கும், தள்ளாடவும் கூடும். அறிகுறிக்காகக் காத்திராமல் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். வாந்தியை நிறுத்த அவரிடம் நல்ல ஊசி மருந்து இருக்கிறது. எடை குறைந்த குட்டிகளுக்குச் சிரை வழியாக நீர் ஏற்ற வேண்டியும் வரும்.

அன்றைய சாம்பாரை எங்கே கொட்டினீர்கள் என்று தெரியவில்லை. உரக்குழியில் கொட்டியிருந்தால் நாய் அங்கே போகாமல் மூடி வையுங்கள். டாஃபடில் இல்லாத சாம்பாரும் நாய்க்கு ஆகாது. உண்மையான வெங்காயமே நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் பொருள். பூனை வளர்க்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு சொல்: டாஃபடில் பூனைக்குத் தீங்குதான், ஆனால் லில்லி அதைவிடப் பலமடங்கு கொடியது. அதன் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கும் என்பதால், வீட்டுக்குள் வரும் பூங்கொத்தில் எது இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

நந்தியாவட்டை (லெஸ்டர்) எழுதுகிறார்:

எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. சாம்பாரைக் கழிப்பறையில்தான் கொட்டினோம், எனவே அந்தக் கவலை இல்லை. எலும்புத்தூள் போட்டது உண்மை; நாய்க்குட்டி இரண்டு நாளாக அந்த மூலையையே சுற்றியதன் பொருள் இப்போதுதான் விளங்குகிறது. இன்று மாலையே கணவர் கோழிவலை வாங்கி வந்து பரப்பிவிட்டார்.

நீங்கள் எழுதியவற்றை மாமியாருக்கு முழுவதுமாகப் படித்துக் காட்டினேன். பள்ளிக்கூடத்துச் சூப்பைப் பற்றிக் கேட்டதும், அந்தப் பிள்ளைகள் எல்லோரும் பிழைத்தார்களா என்றுதான் முதலில் கேட்டார். விஷமூங்கிலைப் பற்றிப் படித்தபோது, ஊரில் அதன் பக்கம் ஆட்டைக்கூட விடமாட்டோமே என்று சொல்லி, மீதமிருந்த கிழங்கு ஒன்றை வெட்டச் சொல்லித் தானே முகர்ந்து பார்த்தார். இன்று காலை அவரே இட்லிக்கு வெங்காயச் சட்னி அரைத்தார். எஞ்சிய கிழங்குகளைப் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு, சாப்பிடக் கூடாது என்று தமிழில் எழுதி ஒட்டி, கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டோம்.

ஒன்று மட்டும் கேட்க விட்டுப்போயிற்று. அதே கடையில் ஹையசிந்த் கிழங்கும் ஆறு வாங்கியிருந்தேன். அவையும் இதே வகைதானா?

மண்புழு (ஹாரோ) எழுதுகிறார்:

ஹையசிந்த் வேறு குடும்பம். லைகோரின் அதில் இல்லை. ஆனால் தின்றால் வயிற்றைப் புரட்டும், அதன் உலர்ந்த தோலில் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் நிறைய இருப்பதால் தொட்டாலே கை அரிக்கும். வெளியில் வைத்துத் தோலை நீரில் நனைத்துவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு நடுங்கள், தூசு பறக்காது. அவற்றையும் அந்தப் பிஸ்கட் டப்பாவுக்குள்ளேயே வைத்துவிடுங்கள், தங்கச்சி.